நீல மூடிக் குப்பி

ஷுப்ரா, கெய்ரோ
நோன்பு மூன்று, ஞாயிற்றுக்கிழமை

அளவற்ற அருளாளனின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன்.

முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் கைகாட்டி இறக்கி, ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு மோதவிடாமல் காத்த, பெருமதிப்பிற்குரிய என் அண்ணன் அப்துல் ஸமீ அவர்களின் சமூகத்துக்கு, தங்கை தவ்ஹீதா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் மஹ்ரூஸும் நலம். மாடியில் வளர்க்கும் முயல்கள், ஒன்று நீங்கலாக, நலம். அங்கே பனீ ஸுவைஃபில் உங்கள் நலத்தையும், மதினியின் முழங்கால் நலத்தையும், எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் வலது கண்ணின் நலத்தையும் கேட்டு துஆ செய்கிறேன். இடது கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை என்று கோபிக்க வேண்டாம். அதைப் பற்றிக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் திருடிவிட்டேன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முயல்களுக்காக வைத்திருந்த கண் மருந்தில் ஒரு குப்பி. பதினோரு வருடமாக அங்கே முயல்களுக்குத் தீனி போட்டு, கூண்டு கழுவி, ஒரு பிடி புல்கூட வீட்டுக்கு எடுத்து வராத நான், போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் குப்பியைப் புல் கட்டுக்குள் செருகி, காவலாளிக்கு வழக்கத்தைவிட நீளமாக ஸலாம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். திருடியது உங்களுக்காக. அதனால் பாவத்தில் பாதி உங்கள் கணக்கில் எழுதப்படும் என்று நினைக்கிறேன். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். வியாழக்கிழமையிலிருந்து ஆறு தடவை கூப்பிட்டுவிட்டேன். கண் என்ற சொல் காதில் விழுந்ததும் போனை மதினி கையில் திணித்துவிட்டுப் போகிறீர்கள். மதினி என்ன சொல்கிறாள் தெரியுமா? "அவரு கைகாட்டியத் தூக்கிட்டாருடி. வாய்ல வர்ற உத்தரவுக்கெல்லாம் வண்டிய விடமாட்டாராம். தாள்ல எழுதி வந்தா பாக்கறேங்கறாரு." சரி, இதோ தாள். நாற்பது வயதில் மாலை வகுப்பில் எழுத்துப் படித்தவளின் கையெழுத்து, அதனால் கொஞ்சம் கூன் விழுந்திருக்கும். நீங்களே படிக்கிறீர்கள் என்றால் அல்ஹம்துலில்லாஹ். மதினி படித்துக் காட்டுகிறாள் என்றால், ஐயோ, நான் பிந்திவிட்டேன்.

உங்கள் நோயை டாக்டர்கள் கண் அழுத்தம் என்கிறார்கள், நாம் நீலத் தண்ணீர் என்கிறோம். பெயர் எதுவானாலும் அது வலிக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும், என் முயல்கள் ரொட்டியைத் தின்பதுபோல. தின்று முடித்த பிறகுதான் ரொட்டி இல்லை என்று தெரியும். மூன்று வருடத்துக்கு முந்தைய பெருநாள் காலையை நான் மறக்கவில்லை அண்ணா. உங்கள் வீட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தீர்கள். வலது கண்ணில் சோப்பு பட்டு மூடிக்கொண்டீர்கள். "எவ அவ ஜன்னலச் சாத்தினது?" என்று கத்தினீர்கள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. வெயில் உங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மதினியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் வாழ்க்கையில் நான் உங்களைக் கேலி செய்யாமல் விட்ட பெருநாள் அது ஒன்றுதான்.

இடது கண் ஏன் போயிற்று என்று டாக்டர் கேட்டதற்கு, விதி என்றீர்கள். விதியும் இருக்கலாம். ஆனால் வருடா வருடம் ரமலான் பிறந்ததும் காலைத் துளியை நிறுத்திவிடுவீர்கள். "கண்ல விட்டா தொண்டைல கசக்குது. தொண்டைல இறங்கினா நோன்பு போச்சு." இரவில் விடுவேன் என்பீர்கள். நோன்பு திறந்து, வயிறு முட்டத் தின்று, திறந்த வாயோடு அப்படியே தூங்கிவிடுவீர்கள். அப்புறம் அடுத்த மாதம் ஷவ்வாலில் ஆறு நோன்பு, அப்புறம் வாரா வாரம் திங்களும் வியாழனும். குப்பி அலமாரியில் உட்கார்ந்து உங்களைவிடச் சுத்தமாக நோன்பு வைத்தது. இத்தனைக்கும் மதினி சமைக்கும்போது முலுகிய்யாக் கீரைக் குழம்புக்கு உப்புப் போதுமா என்று நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துச் சொல்வது யார்? துப்பிவிடுகிறேன் என்பீர்கள். நீங்கள் துப்பி நான் பார்த்ததில்லை.

இப்போது நான் ஏன் திருடினேன் என்பதற்கு வருகிறேன். எங்கள் கூடத்தில் டாக்டர் நர்மீன் என்று ஒரு பெண். என் மகள் வயது இருக்கும், குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவள் நீலத் தண்ணீருக்குப் புது மருந்து கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் முயலைத் துண்டில் சுற்றி மடியில் பிடித்துக்கொள்வேன், அவள் துளி விட்டு, கண்ணின் அழுத்தத்தைக் கருவியால் தொட்டுப் பார்த்து எழுதிக்கொள்வாள். பார்ப்பதற்குத் தண்ணீர் கலந்த பால் மாதிரி இருக்கும். அதற்குள் நானோ துகள்கள் இருக்கின்றன என்றாள். எவ்வளவு சின்னது என்று கேட்டேன். என் தலைமுடி ஒன்றின் குறுக்கே ஐந்நூறு நிற்குமாம். என் தலையில் முடியே ஐந்நூறுதான் இருக்கும் என்றேன். சிரித்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நீங்க திராட்சை இலைல சோத்தச் சுருட்டி மஹ்ஷி பண்ணுவீங்கல்ல? அதேதான் இது. மருந்துதான் சோறு. அதச் சுத்தி ஒரு இலை. இப்ப கடைல விக்கற துளி வெறும் சோறு மாதிரி, கண்ல விழுந்ததும் கண்ணீரோட அடிச்சுட்டுப் போயிடுது. நூத்துல அஞ்சு பங்குகூட உள்ள போறதில்ல. மிச்சம் மூக்கு வழியா தொண்டைக்கு. என்னோட மஹ்ஷி கண்ல ஒட்டிக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமாப் பிரிஞ்சு மருந்த விடும். தினமும் விட வேணாம். சில நாளுக்கு ஒரு துளி போதும்."

கையிலிருந்த முயலை விட்டுவிட்டேன் அண்ணா. அது மேசைக்கடியில் ஓடியது, ஒரு மணி நேரம் தேடினோம். தேடும்போதெல்லாம் என் மண்டையில் ஓடியது இதுதான். சில நாளுக்கு ஒரு துளி! இரவில் விட்டால் பகலில் கசப்பில்லை! அண்ணனுக்கு நோன்பும் நிற்கும், கண்ணும் நிற்கும்! இதற்கு மேல் ஒரு பெண்ணுக்குத் திருட என்ன காரணம் வேண்டும்?

குளிர்பெட்டியில் குப்பிகள் இரண்டு வரிசை இருந்தன, ஒன்று மஞ்சள் மூடி, ஒன்று நீல மூடி. நீலத் தண்ணீருக்கு நீல மூடிதான் என்று நானே முடிவு செய்து நீலத்தை எடுத்தேன். அன்றைக்கு என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனாலும் உங்கள் கண்ணில் விடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டாமா? நானும் ஆய்வுக்கூடத்து ஆள்தானே? மாடியில் இருக்கும் சாம்பல் நிற முயலுக்கு இரண்டு நாள் விட்டேன். கண் சிவக்கவில்லை, தீனி தின்றது, என்னைக் கடித்தது. மருந்து நல்ல மருந்து என்று தெரிந்துகொண்டு உங்களுக்குப் போன் செய்தேன். "அண்ணா, பழசத் தூக்கிப் போடுங்க, புதுசு வருது." நீங்கள் என்ன சொன்னீர்கள்? "தவ்ஹீதா, நீ பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து சொன்ன மொத நல்ல விஷயம் இதுதான்." அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. அந்த வார்த்தைதான் இப்போது என்னைத் தூங்கவிடவில்லை.

புதன்கிழமை நான் வேலையிலிருந்து வருவதற்குள், மஹ்ரூஸ் தன் அக்கா இன்ஸாஃப் வந்திருக்கிறாள் என்று மாடிக்குப் போய், கூட்டத்திலேயே கொழுத்ததாகப் பார்த்து, அந்தச் சாம்பல் முயலை அறுத்துவிட்டார். நான் வந்தபோது அது முலுகிய்யாவோடு மேசைக்கு வந்துவிட்டது. இன்ஸாஃப் முயலின் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"அதோட கண்ணச் சாப்பிடாதீங்க, மருந்து விட்டிருக்கேன்" என்றேன்.

"என்ன மருந்துடி?" என்றாள்.

"நானோ."

மஹ்ரூஸ் கரண்டியைக் கீழே வைத்தார். "இஸ்திரிப் பெட்டியச் சூடா வெச்சுட்டு மறந்துபோறவன் நான்னு ஊரெல்லாம் சொல்ற. நீ முயல்ல மருந்த வெச்சு மறந்துட்டியா?"

"நீங்க கேட்டுட்டு அறுத்திருக்கணும்."

"முயலக் கேட்டா?"

இன்ஸாஃப் மட்டும் பதறவில்லை. மறுநாள் காலையில் கண்ணாடி போடாமலே பள்ளிவாசல் கடிகாரத்தில் மணி பார்த்ததாகச் சொல்லி, அந்த மருந்து இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாள். அவளுக்கு நான் இதுவரை எதுவும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம், சந்தோஷமாக இருக்கிறாள்.

வியாழன் காலையில் குப்பியைப் பஞ்சில் சுற்றி, பேரீச்சம்பழக் கூடையின் நடுவில் வைத்து, உங்கள் ஊருக்கு ஆள் ஏற்றிப் போகும் நம் ஷவ்கியின் வண்டியில் கொடுத்தனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் வண்டி புறப்படும் என்றான். கூடத்தில் டாக்டர் நர்மீன் குளிர்பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு நீல மூடி குறைகிறது என்றாள். "கை தவறி ஒடைஞ்சிருந்தாலும் சொல்லிடுங்க. திட்டமாட்டேன். கணக்கு தப்பா இருந்தா மொத்த ஆய்வும் தப்பாயிடும்." கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். திட்டமாட்டேன் என்கிறவளிடம் என்ன செய்வது? புல் கட்டைக் கீழே வைத்துவிட்டு, நான்தான் என்றேன்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. "யார் கண்ணுக்கு?" என்று கேட்டாள்.

சொன்னேன். பெருநாள் காலையில் சாத்தாத ஜன்னலையும் சொன்னேன்.

"அக்கா, நீல மூடில மருந்தே கெடையாது."

"என்ன டாக்டரம்மா சொல்றீங்க?"

"அது வெறும் இலை. உள்ள சோறு இல்ல. பாதி முயலுக்கு மருந்தோட விடுவோம், பாதிக்கு மருந்தில்லாம விடுவோம். அப்பதான வித்தியாசம் தெரியும்? உங்க அண்ணன் அத விட்டுட்டுப் பழச நிறுத்தினா, ஒண்ணுமே விடாததுக்குச் சமம்."

"அப்ப மஞ்சள் மூடி?"

"அதுவும் கூடாது. மொயல் நம்மள மாதிரி அடிக்கடி கண்ணச் சிமிட்டாது. அது கண்ல நிக்கறது மனுஷன் கண்ல நிக்குமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. மனுஷனுக்கு வர பல வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம். அந்தக் கூடைய நிறுத்துங்கக்கா, மொதல்ல!"

அண்ணா, உங்கள் தங்கை ஓடினாள். என் உடம்பு உங்களுக்குத் தெரியும். கூண்டு கழுவும் ரப்பர் செருப்போடு, மேலங்கியோடு, மெட்ரோவில் நின்றபடியே முனீப் நிலையம் வரை போய், அங்கிருந்து வண்டி நிலையத்துக்கு ஓடினேன். ஷவ்கியின் வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன். சிவப்புக் கைகாட்டி மாதிரி நின்றேன் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். பதினான்கு பேர் உள்ளேயிருந்து திட்டினார்கள். ஷவ்கி தலையை வெளியே நீட்டி, "அத்தை, சாகறதுன்னா வேற வண்டி பாரு, எனக்குச் சாயங்காலம் அசருக்குள்ள போகணும்!" என்றான். மேலே கட்டியிருந்த கூடையை இறக்கவைத்தேன். பேரீச்சம்பழத்தைத் தரையில் கொட்டினேன். குப்பி கையில் கிடைத்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். திட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவர் இறங்கி வந்து பழத்தைப் பொறுக்கிக் கொடுத்தார். கூடையில் மணல் இருந்தால் அதனால்தான், கழுவிவிட்டுத் தின்னுங்கள்.

அந்த வண்டி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தீர்களா? பெருநாள் வரை நீங்கள் பால் தண்ணீரை விட்டுக்கொண்டு, தங்கை அனுப்பிய மருந்து என்று எல்லாரிடமும் பெருமை பேசியிருப்பீர்கள். ஓரத்திலிருந்து தின்று முடித்திருக்கும். ஜன்னல் சாத்தியது யார் என்று நீங்கள் இரண்டாவது தடவை கேட்டால், நான்தான் என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். இது கேலி இல்லை அண்ணா.

டாக்டர் நர்மீன் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. குப்பி விஷயத்தை மேலிடத்துக்கு எழுதிவிட்டாள், என் பெயரையும் எழுதினாள், எழுதத்தான் வேண்டும். அடுத்த மாதம் ஒரு விசாரணை வரும். ஆனால் அவளே உட்கார்ந்து எனக்கு ஒன்று கற்றுக் கொடுத்தாள், அதைத்தான் இப்போது உங்களுக்கு உத்தரவாக எழுதுகிறேன். பழைய துளியையே விடுங்கள். ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடுங்கள். மூக்கோரம் இருக்கும் கண் முனையை விரல் நுனியால் மெல்ல அழுத்திக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம், உங்கள் கைகாட்டி அறை முன்னால் ஒரு நீளமான சரக்கு வண்டி கடக்கும் நேரம். அந்த முனையில்தான் தொண்டைக்குப் போகும் வாய்க்கால் இருக்கிறதாம். கேட்டை மூடிவிட்டால் வண்டி எப்படிப் போகும்? முப்பத்தொரு வருடம் கேட் மூடிய கைக்கு இது கஷ்டமா?

மார்க்கம் என்ன சொல்கிறது என்பீர்கள். அதையும் விடவில்லை. உங்களைவிட வயது குறைந்த ஆலிம் சொன்னால் கேட்கமாட்டீர்கள் என்று, வெள்ளிக்கிழமை எங்கள் தெருவிலேயே மூத்தவரான ஷேக் பதவீயைத் தேடிப் போனேன். எண்பத்தொரு வயது. கேட்டு முடிப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். அவருக்கும் நீலத் தண்ணீர்! நோன்போடு, பட்டப்பகலில், என் முன்னாலேயே இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டார்.

"கண்ணு என்ன வாயா தாயி? உன் அண்ணன் கண்ணால சாப்பிடறவரா?"

"ஆமா ஷேக், பக்கத்துத் தட்ட மொத்தமும் கண்ணாலயே காலி பண்ணுவாரு."

சிரித்துக் குலுங்கியதில் ஒரு சொட்டு தாடியில் விழுந்தது. "மனசுக்கு உறுத்தினா விட்டுப்போன நோன்ப அப்புறம் வெச்சுக்கலாம்னு சொல்லு. விட்டுப்போன கண்ண அப்புறம் வெச்சுக்க முடியுமா?" என்றார். இதை அப்படியே எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

முத்திரை இல்லாத தாளை ரயில்வேக்காரர் மதிக்கமாட்டார் என்று தெரியும். டாக்டர் நர்மீனிடம் முறையைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அவளிடம் முத்திரை இல்லை, அது மேலிடத்தில் இருக்கிறது. என்னிடம் இருக்கும் முத்திரையைப் போட்டிருக்கிறேன். "முயல் தீவனம் நல்ல நிலையில் பெறப்பட்டது" என்று இருக்கும். அதில் கழுகுச் சின்னம் இருக்கிறது, அரசாங்கக் கழுகுதான். ஷவ்கி கொண்டுவரும் பொட்டலத்தில் உங்கள் பழைய மருந்தே இரண்டு குப்பி இருக்கிறது, கடையில் வாங்கியது, திருடியது அல்ல. வந்த அன்றைக்கே, பகலிலேயே, மதினி முன்னால் விட்டு, அவளை எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அதுவரை எனக்கு நோன்புக் கஞ்சி இறங்காது.

மதினிக்கு என் ஸலாம். அண்டை அயலார் எல்லாருக்கும் ஸலாம். உங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கவும், அவை திறந்திருப்பதை நீங்களே பார்க்கவும் இறைவன் அருளட்டும். பெருநாளன்று நேரில் வந்து, மூன்று வருடத்துக்கு முந்தைய பாக்கிக் கேலியையும் சேர்த்துத் தீர்க்கிறேன்.

உங்கள் பிரியமுள்ள தங்கை,
தவ்ஹீதா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். வரிகள் இறங்கிப் போவதற்கு மன்னிக்கவும். கண் முனையை எப்படி அழுத்துவது என்று மஹ்ரூஸுக்குச் செய்து காட்டும்போது என் கட்டைவிரல் நகம் என் வலது கண்ணிலேயே குத்திவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். சின்னக் கீறல்தான், ஐந்து நாளில் ஆறிவிடும் என்றார்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை விடச் சொல்லித் துளி மருந்து கொடுத்திருக்கிறார்கள். நான்கில் இரண்டு பகலில் வருகின்றன. நோன்பு நேரம் என்பதால் அந்த இரண்டையும் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்ன பிறகு விட்டுக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்திருக்கிறேன்.